பட்டறையின் இரண்டாவது நோட்டு

1

போன சனிக்கிழமை காலை என் மகள் நித்யாவின் பள்ளிக்கூடக் காலுறைகள் ஐந்து ஜோடியும் துவைக்கும் இயந்திரத்திலிருந்து ரோஸ் நிறத்தில் வெளியே வந்தன. உள்ளே போகும்போது வெள்ளை. கூடப் போன குற்றவாளி, என் தம்பி செந்தில் ஊரிலிருந்து பார்சலில் அனுப்பியிருந்த சிவப்பு பனியன்.

செந்தில் அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறையில் லேப் இன்சார்ஜ். சாயம் ஓடினால் அவனைத்தான் கேட்க வேண்டும். உடனே போன் போட்டேன். இங்கே இங்கிலாந்தில் காலை என்றால் அங்கே மதியம். வாயில் சோற்றோடு பேசினான்.

“ஏன்டா, உன்ற பட்டறைச் சாயம் ஒரு தண்ணிக்குத் தாங்காதா?”

“எத்தன டிகிரில போட்ட?”

“அறுபது.”

“நாப்பதுக்கு மேல போடாதீங்கன்னு லேபிள்ல அச்சடிச்சிருக்குதேக்கா! டாக்டர் பட்டம் வாங்குனவளுக்கு லேபிள் படிக்கத் தெரியாதா? கொதிக்கற தண்ணில போட்டுட்டு என்ற சாயத்தக் கொற சொல்றா பாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘நான் சொன்ன தண்ணீரில் போட்டால் நான் பொறுப்பு, வேறு தண்ணீரில் போட்டால் நான் பொறுப்பில்லை.’ இதே வாதத்தைத்தான் போன வருஷம் இதே வாரத்தில், நீளமான மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த ஓர் அறையில் நான் வைத்தேன். வைத்து ஜெயித்தேன். காலுறை காயப்போட்ட கையோடு அந்தக் கதையை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஊரில் இருக்கும் நீங்கள் படிக்க வேண்டிய கதை. உங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

2

வேலம்பாளையத்தில் யாராவது “உங்க பொண்ணு இங்கிலாந்துல என்ன பண்றாங்க?” என்று கேட்டால் அம்மா “மருந்து வேலைங்க” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். பாதிதான் உண்மை. நான் டிபி கிருமி வளர்க்கிறேன். கவுன் போட்டு, முகமூடி மாட்டி, இரண்டு கதவுகள் தாண்டிய அறையில், குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்து வளர்க்கிறேன். பிறகு மருந்து கொடுத்துக் கொல்கிறேன். சம்பளம் இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

அம்மா ஏன் பேச்சை மாற்றுகிறார் என்று உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் டிபி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஈஸ்னோபீலியா என்போம். சளி கட்டியிருக்கிறது என்போம். பெருந்துறையில்தான் டிபி ஆஸ்பத்திரி; “பெருந்துறைக்குப் போயிருக்காரு” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் மற்றதெல்லாம் கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

அப்படிப் போனவர் அம்மாவின் தம்பி துரைசாமி மாமா. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். எண்பதுகளின் தொடக்கம், நான் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை அவருக்குக் கொடுத்தது நீள வைத்தியம்: தினமும் ஊசி, அப்புறம் வருஷத்தைத் தாண்டி மாத்திரை. நான்காவது மாதத்தில் இருமல் நின்றது, உடம்பு தேறியது, மாமா மாத்திரையை நிறுத்திவிட்டுக் கட்டிங் மேஜைக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். இரண்டே வருஷத்தில் நோய் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக.

இரண்டாவது தடவைக்குள் வைத்தியம் மாறியிருந்தது. மாதங்கள் குறைவு, மாத்திரைகள் அதிகம். அதில் ஒன்று, பெரிய வெள்ளை மாத்திரை. பெயர் பைராசினமைடு. மாமா அதை வெறுத்தார். “இத முழுங்குனா மூட்டுமூட்டா வலிக்குது கண்ணு” என்பார். இன்னொரு மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதற்கு மட்டும் அவருக்குச் சிரிப்பு. “வயித்துக்குள்ளயே சாயப்பட்டறை ஓடுது. ஷேடு பாரு, நாளுக்கு நாள் மாறாம ஒரே மாதிரி வருது. இப்பிடி ஒரு டையிங் மாஸ்டர் நம்மூர்ல இல்ல!”

எட்டு மாதம் விடாமல் சாப்பிட்டார். பிழைத்தார். ப்ளஸ் டூவில் நான் நல்ல மார்க் வாங்கியதைச் சொல்லப் போனபோது மாமா சொன்னது இதுதான்:

“கண்ணு, நீ என்ன வேணா படி. படிச்சு இந்த மாசத்தக் கொறச்சுக் குடு. நாலு மாசம்னா அன்னிக்கே முடிச்சிருப்பேன். மறுக்கா வந்திருக்காது.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டேன்.

3

ஒரு புது மருந்து வந்தால் அதை எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாளைக்கு ஒரு முறை, எதோடு சேர்த்து? இதை எலியில் பார்க்க மாதக்கணக்கு, மனிதர்களில் பார்க்க வருஷக்கணக்கு. தப்பான அளவைத் தேர்ந்துவிட்டால் அந்த வருஷங்கள் வீண். அந்த நோயாளிகளும் வீண். இதற்குத்தான் எங்கள் ஆய்வகத்தில் ஒரு சாதனம் செய்தோம். கை நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் ஒரு கட்டு நூல். திருப்பூர்க்காரி இங்கே வந்தும் நூலில்தான் மாட்டிக்கொண்டேன். இந்த நூலுக்கு உள்ளே துளை இருக்கும், மெல்லிய குழல் மாதிரி. குழலுக்கு உள்ளே மருந்து கலந்த திரவம் ஓடும். வெளியே கிருமிகள் குடியிருக்கும். மருந்து இழையின் சுவர் வழியாகக் கசிந்து அவற்றைச் சேரும். ஒரு பம்பு வைத்து மருந்தை ஏற்றவும் இறக்கவும் செய்வோம். மாத்திரை விழுங்கிய மனிதனின் ரத்தத்தில் மருந்து எப்படி ஏறி இறங்குமோ, அதே போல. நாங்கள் அதைப் புட்டி என்றே சொல்வோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லேப் டிப் என்று சொன்னால் போதும். ஒரு டன் துணியைச் சாயத்தில் முக்குவதற்கு முன்னால் லேபில் ஒரு பீக்கரில் உள்ளங்கை அளவு துணியை முக்கி, அந்த ஷேடைத் துணி வாங்கும் பையருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகுதானே மொத்தச் சரக்கான பல்க்கைப் போடுவோம்? என் புட்டி லேப் டிப். நோயாளிகள் பல்க். பையர் யார் என்றால், இந்த நாட்டில் மருந்துகளுக்கு அனுமதி தரும் கமிட்டி.

கமிட்டி கேட்பது நியாயமான கேள்விதான். ‘உங்கள் புட்டி சொல்வதை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?’ அதற்குப் பதில் சொல்ல ஒரே வழி, நோயாளிகளிடம் என்ன செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்த பழைய மருந்துகளைப் புட்டியில் போட்டுக் காட்டுவது. மதராஸில் நம் ஜனங்களிடம் நடந்த பழைய சிகிச்சைகளின் முடிவுகள் உட்பட எல்லாம் நூலகத்தில் இருந்தன. புட்டி சொல்வதும் அவை சொல்வதும் ஒன்றாக இருந்தால் நம்பலாம்.

நான்கு பழைய மருந்துகளைப் போட்டேன். மூன்று அச்சு அசலாகப் பொருந்தின. நான்காவது மருந்து பைராசினமைடு. மாமாவைப் பிழைக்க வைத்ததில் பங்குள்ள அந்த வெள்ளை மாத்திரை, என் புட்டியில் கிருமியைச் சீண்டக்கூட இல்லை.

காரணம் எனக்குத் தெரியும், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த மருந்து புளிப்பான இடத்தில்தான் வேலை செய்யும். நுரையீரலில் கிருமி ஒளிந்திருக்கும் இடங்களில் அமிலம் உண்டு. என் புட்டித் திரவத்தில் இல்லை. சரி என்று அமிலம் சேர்த்துப் போட்டேன். கொஞ்சம் கூடினால் கிருமியே வளரவில்லை, கொஞ்சம் குறைந்தால் மருந்து வேலை செய்யவில்லை. முடிவுகள் கன்னாபின்னா என்று சிதறின.

அப்போது நான் செய்த காரியத்தைத் திருப்பூரில் பிறந்தவர்கள்தான் செய்வார்கள். அந்த நான்காவது மருந்தை ஃபைலிலிருந்தே எடுத்துவிட்டேன். என் தலைவர் ஹ்யூ, நல்ல மனிதர், அது எங்கே என்று கேட்டார். “அது தனி விஷயம், பின்னால் தனியாக எழுதுவோம்” என்றேன். மூன்று அழகான மருந்துகள், மூன்று அழகான வரைபடங்கள், ஓரம் வெட்டிய காகிதம், கச்சிதமான பைண்டிங். சாம்பிள் அனுப்புவதில் நம்மை யார் அடித்துக்கொள்ள முடியும்?

இடையில் பெயர்ப் பிரச்சினை ஒன்று. இங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எனக்கு இருப்பது ஓர் இனிஷியல். அதை விரித்து எழுது என்றார்கள், எழுதினேன். அன்றிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்கான போலீஸ் பதிவு முதல் மின்சார பில் வரை நான் பழனிச்சாமி. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என் அப்பா, கமிட்டி அறைக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் டாக்டர் பழனிச்சாமியாக இருந்தார்.

கமிட்டியில் ஓர் அம்மாள். காதில் பென்சிலைச் செருகி வைத்திருந்தார். ஃபைலை முழுக்கப் புரட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“டாக்டர் பழனிச்சாமி, இந்த நோய்க்கு உலகம் முழுக்கக் கொடுக்கும் மருந்து ஒன்று உங்கள் பக்கங்களில் இல்லை. சோதிக்கவில்லையா? சோதித்து, வந்தது பிடிக்கவில்லையா?”

பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்தது, “ஆமாங்க.”

தமிழ் தெரியாத அறை. ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

திருப்பி அனுப்பினார்கள். மறுபடி வர எட்டு மாதம் தவணை. வெளியே தாழ்வாரத்தில் ஹ்யூ மெதுவாகச் சொன்னார். இரண்டாவது முறையும் இப்படியே போனால் இந்த வேலையை மூடிவிடுவார்கள், அறையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் வேலை அனுமதியும் அதோடு சரி. வரிசையில் காத்திருக்கும் புது மருந்துக்கு அளவைக் குத்துமதிப்பாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு டீ வாங்கித் தந்தார். இந்த நாட்டில் துக்கத்துக்கும் டீதான்.

4

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்யும் நாள். வீட்டில் எல்லோரும் பேசி முடித்த பிறகு செந்தில் கடைசியாக வாங்கினான். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

“என்னக்கா, ரிஜெக்டா?”

“உனக்கு எப்பிடிடா தெரியும்?”

“பையர் ரிஜெக்ட் பண்ணுனா எங்க மொதலாளி இப்பிடித்தான் பேசுவாரு, மூக்குல. சொல்லு, ஷேடு செட் ஆகலியா?”

சொன்னேன். மூன்று பொருந்தியது, ஒன்று பொருந்தவில்லை, அதை எடுத்துவிட்டேன், அந்த அம்மாள் பிடித்துவிட்டார். அந்தப் பக்கம் சிரிப்பு. நிறுத்தாத சிரிப்பு.

“அட அக்கா! நீ பையர் நோட்ட அனுப்பிச்சிருக்கற!”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செந்திலின் பட்டறையில் இரண்டு நோட்டுகள் உண்டு. முதலாவது பையர் நோட்டு. பிளாஸ்டிக் உறை போட்டது. பொருந்தி வந்த ஷேடுகள் மட்டும் அதில் இருக்கும். இரண்டாவது பட்டறை நோட்டு. அட்டை கிழிந்து, சாயக்கை பட்டு, பத்து நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் லேப் டிப் துண்டு, வலது பக்கம் அதே ஷேடுக்கு பல்க்கில் வந்த துணியின் துண்டு, இரண்டையும் பின் அடித்திருப்பார்கள். நடுவில் ஒரு பத்தி: தண்ணி. லாரித் தண்ணியா, போர்த் தண்ணியா, எந்த போர் என்றுகூட எழுதியிருக்கும். நொய்யல் ஓரத்து போருக்கும் பல்லடம் ரோட்டு போருக்கும் ஒரே சாயம் ஒரே நிறம் கொடுக்காது என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். பொருந்தாத துண்டுகளும் அந்த நோட்டில் இருக்கும். பொருந்தாதவைதான் முக்கியம். பக்கத்திலேயே காரணம் எழுதியிருப்பான்.

“பையருக்கு எதுக்குடா பட்டறை நோட்டு?”

“பனியன் வாங்கறவனுக்கு வேண்டாம். அவனுக்கு நெறம் போதும். உன்ற அந்தப் பென்சில் அம்மா பனியனா வாங்குது? உன்ற லேபையே வாங்குது. லேப வாங்கறவன் பட்டறை நோட்டத்தான் கேப்பான். எந்தத் தண்ணில செட் ஆகும், எந்தத் தண்ணில ஆகாதுன்னு தெரியாம எவன் நம்பி பல்க் போடுவான்?”

“தோத்ததையும் கொண்டு போய்க் காட்டச் சொல்றியா?”

“தோத்ததுன்னு ஏன் நெனைக்கற? தண்ணி வேறன்னு எழுது. நீ தண்ணிப் பத்தியே போடலக்கா.”

என்னிடம் மட்டும் எடக்குப் பேசப் பிறந்தவன் இவன், நான் வாங்கிய பட்டங்களை வைத்து இருபது வருஷமாக என்னைக் கிண்டல் செய்பவன். இப்போது சொல்லிவிட்டான், அதுவும் சரியாகச் சொல்லிவிட்டான். கோபமாக வந்தது. மறுநாள் ஆய்வகத்தின் ஃபேக்ஸ் இயந்திரத்திலிருந்து ஒரு நீளத் தாள் வந்து விழுந்தது. பட்டறை நோட்டின் ஒரு பக்கம். ஃபேக்ஸில் நிறமெல்லாம் கறுப்பாகத்தான் தெரிந்தது, ஆனால் பத்திகள் தெளிவாக இருந்தன. மேலே செந்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்: “அக்கா, காப்பி அடிச்சுக்கோ. பீஸ் வேண்டாம்.”

ஹ்யூ வந்து பார்த்தார். “இது என்ன மொழி?” என்று கேட்டார். மொழியைப் பிறகு சொன்னேன், பத்திகளை முதலில் விளக்கினேன். அந்தத் தாளை அவர் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். கடைசியில், “நாம் இதைத்தான் செய்யவில்லை” என்றார்.

5

அந்த எட்டு மாதமும் எனக்குப் புளிப்பு மாதங்கள். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக மாற்றிப் புட்டி புட்டியாக ஓட்டினேன். டிபி கிருமி சோம்பேறி, சாதாரண நாளிலேயே மெதுவாகத்தான் வளரும். புளிப்பில் கேட்கவே வேண்டாம். வாரக்கணக்கில் காத்திருந்தால்தான் ஒரு புள்ளி கிடைக்கும். மூன்று வாரம் ஓடிய ஒரு புட்டி பம்பு நின்றதில் போயிற்று. நான் கழிவறையில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்ததை ஏற்றினேன்.

ஞாயிறுதோறும் தம்பி விசாரணை செய்வான். “பிஎச் எத்தனக்கா?” சாயக்காரனுக்கு பிஎச் சொல்லித்தர வேண்டியதில்லை. “நாங்க காரத்துல முக்கறோம், நீ புளிப்புல முக்கற. ரெண்டு பேரும் ஒட்டுக்காக் கடை போட்டா ரசம் வைக்கலாம்.”

இந்த ஓட்டத்தில் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நித்யா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வருஷம் அது. போகும்போது “ஏனுங்கம்மா” என்று இழுத்தவள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் “மம்” என்று சுருக்கிவிட்டாள். என்னிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். ஒருநாள் போனில் மாமா, “சாப்ட்டியா சாமி?” என்று கேட்டதற்கு இவள் ரிசீவரை என்னிடம் நீட்டி, “அவர் என்ன சொல்றார்?” என்றாள், ஆங்கிலத்தில். மாமாவுக்குக் கேட்டிருக்கும். எனக்குச் சுருக்கென்றது. நான் ஊரை விட்டு வந்தபோது எதை விட்டு வருகிறேன் என்று பட்டியல் போட்டுத்தான் வந்தேன். அந்தப் பட்டியலில் இது இல்லை.

அன்று மாலையே ஒரு சட்டம் போட்டேன். ஞாயிறு போனில் முதல் இரண்டு நிமிடம் நித்யா பேச வேண்டும், மாமாவோடு, தமிழில். முதல் வாரம் “நல்லாருக்கேன்” மட்டும். மூன்றாவது மாதம் மாமா அவளுக்குப் பனியனின் பாகங்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கழுத்து, கை, கழுத்தைச் சுற்றித் தைக்கும் ரிப்பு. இவள் ரிப்பு என்பதை மட்டும் எப்போதும் சரியாகச் சொன்னாள், அது ஆங்கிலம் என்பதால்.

ஏழாவது மாதம் புட்டி பேசியது. ஒரு குறுகிய பட்டை, அமிலம் இவ்வளவுக்கு மேலும் இல்லை, இவ்வளவுக்குக் கீழும் இல்லை. அந்தப் பட்டைக்குள் கிருமி மெதுவாக உயிரோடு இருந்தது, பைராசினமைடு அதைக் கொன்றது. மறுபடி போட்டேன், கொன்றது. மூன்றாவது முறையும் கொன்றது. கவுனும் முகமூடியுமாக அந்த அறையில் நான் ஆடிய ஆட்டத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஹ்யூ பார்த்துவிட்டார். இன்றுவரை அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. நாகரிகமானவர்.

இரண்டாவது ஃபைல் அழகாக இல்லை. தடியாக இருந்தது. இடது பக்கம் புட்டி சொன்னது, வலது பக்கம் நோயாளிகளிடம் நடந்தது, நடுவில் திரவத்தின் நிலை. பொருந்தாதவை முன்னால், பொருந்தியவை பின்னால். கெட்டுப்போன புட்டிகள்கூட ஒரு பக்கத்தில், காரணத்தோடு. முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம்: இந்தச் சாதனத்தை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது.

மறுபடி கூடிய கமிட்டியில் பென்சில் அம்மாள் நேராக அந்த வாக்கியத்துக்கு வந்தார்.

“அப்படியானால் இந்த எல்லைக்கு வெளியே நீங்கள் சொல்வதை நான் நம்ப வேண்டாம்?”

“வேண்டாம்.”

“உள்ளே?”

“உள்ளே நம்பலாம். நம்பாவிட்டால் வலது பக்கத்தைப் பாருங்கள். அவர்கள் மனிதர்கள். அவர்களில் பலர் என் மாநிலத்தவர்கள்.”

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார், ஃபைலில் எதையோ குறித்தார், மறுபடி காதில் செருகிக்கொண்டார். “போன முறை உங்கள் மூன்று மருந்துகளையும் நான் நம்பவில்லை. இப்போது நான்கையும் நம்புகிறேன்” என்றார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. டிபி மருந்துகளுக்கான விண்ணப்பங்களில், நோயாளிகளிடம் சோதனைக்குப் போகும் முன் அளவையும் மருந்துச் சேர்க்கையையும் தேர்ந்தெடுக்க, குறிப்பிட்ட எல்லைக்குள் இந்தச் சாதனத்தின் முடிவுகளைத் துணைச் சான்றாக ஏற்கிறோம். நோயாளிகளிடம் செய்யும் சோதனைக்கு இது மாற்று அல்ல. அவ்வளவுதான், ஒரே பக்கம். ‘ஏற்கிறோம்’ என்ற சொல்லை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பேருந்தில் படித்தேன். நித்யாவின் பள்ளிக்கூட வாசலில் படித்தேன். அடுப்பில் பருப்பு தீய்ந்துபோகும்வரை படித்தேன். என் வீட்டுக்காரர் தீய்ந்த பருப்பை இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார்.

6

பொங்கலுக்கு ஊருக்கு வந்தோம். கடிதத்தின் ஜெராக்ஸ் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அதில் ‘அன்புள்ள டாக்டர் பழனிச்சாமி’ என்று தொடங்கியிருப்பதை யாரோ அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் வேலம்பாளையம் பேக்கரியில் தினமும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கிறார். அங்கே யாராவது கேட்பார்கள்:

“என்னங்கய்யா, இங்கிலாந்துல இருந்து உங்களுக்கே நேராக் கடுதாசி வருதாம்?”

“ஆமாங்க. அங்க நம்ம பேரச் சொன்னாத்தான் கதவத் தெறக்கறாங்களாமா.”

மறுநாள் நித்யாவோடு செந்திலின் பட்டறைக்குப் போனேன். துரைசாமி மாமா அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார். தலை முழுக்க நரை, ஆனால் முதுகு நேர். இன்னும் தினமும் கட்டிங் மேஜையில் நிற்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி நான் பயந்த கேள்விதான்.

“செரி கண்ணு, எத்தன மாசங் கொறஞ்சுது?”

“இன்னும் ஒரு மாசங்கூடக் கொறயலீங்க மாமா. ஆனா எந்த மருந்து, எத்தன அளவுன்னு தேடற வருசம் கொறஞ்சிருக்குதுங்க. புது மருந்துக்கு அளவப் புட்டில பாத்துத்தான் எடுத்திருக்கறோம். இப்ப ஆளுங்களுக்குக் குடுத்துப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.”

மாமா யோசித்தார். “அப்ப பேட்டர்ன் வெட்டியாச்சு. இனித் துணிய விரிக்கோணும். சீக்கிரம் விரிக்கச் சொல்லு.”

என் கைப்பையில் புத்தம் புதிய, கிருமியே பார்க்காத இழைக்கட்டு ஒன்று இருந்தது. செந்திலுக்காகக் கொண்டு வந்தது. அவன் அதை வெளிச்சத்தில் பிடித்து, துளை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தான். “எத்தனாம் நம்பர் நூலுக்கா இது? பனியனுக்கு ஆகாது” என்றான். பிறகு பட்டறை நோட்டை எடுத்து, புதுப் பக்கம் திருப்பி, இடது பத்தியில் இரண்டு இழைகளை வைத்துப் பின் அடித்தான். ஷேடு என்ற இடத்தில் பைராசினமைடு என்று என்னிடம் எழுத்துக் கேட்டு எழுதினான். நடுப் பத்தியில், ‘புளிப்பு’. கடைசியில், ‘அப்ரூவ்டு. இந்தத் தண்ணிக்கு மட்டும்.’

வலது பத்தி காலியாக இருந்தது.

“இங்க பல்க் துண்டு வேணுமேக்கா. நோயாளிக்கு எங்க போறது?”

“ஏன்டா, இங்க ஒருத்தன் நிக்கறது கண்ணு தெரியலியா?” என்றார் மாமா. மேஜை மேலிருந்த கத்தரியை எடுத்தார், சட்டையைத் தூக்கினார், போட்டிருந்த பனியனின் கீழ் ஓரத்தில் கோடு போடாமல், அளக்காமல், ஒரு சதுரம் வெட்டினார். கட்டிங் மாஸ்டரின் சதுரம், நான்கு மூலையும் நறுக்கென்று. “இந்த மருந்துக்குப் பல்க் நாந்தானே? எட்டு மாசம் முக்கி எடுத்தது. குத்து.”

செந்தில் கையில் வாங்கினான், ஆனால் உடனே குத்தவில்லை. நித்யாதான் ஸ்டேப்ளரை இழுத்துக்கொண்டாள். துண்டை வலது பத்தியில் நேராக வைத்து, மாமாவை நிமிர்ந்து பார்த்து, தமிழில் கேட்டாள்.

“இங்கீங்களா தாத்தா?”

“அங்கதான் சாமி. நல்லா அமுக்கு.”

இரண்டு கையாலும் அமுக்கினாள்.